மார்கழி பஜனையில் கிடைத்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டியோடு தெருச் சுற்றியபோது கிடைத்த மகிழ்ச்சி, நாற்பத்தாறு வயதில், நல்ல வேலையும் சொந்த வீடும் இருந்தும், வேறெதிலும் கிடைக்கவில்லை. இப்போது குடியிருக்கும் பகுதியிலும் ஒரு கோஷ்டி இருப்பது தெரிய வந்திருக்கிறது. ஆனால் கடவுள் நம்பிக்கை உறுதியாக இல்லை, குரலும் இல்லை. ஆகவே அந்த மகிழ்ச்சி பாட்டிலிருந்து வந்ததா, விடியலிலிருந்தா, பக்தியிலிருந்தா, கூட்டத்திலிருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியுமா, நம்பாமல் போய் நிற்பது ஏமாற்று ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பலவாக இருந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டுதான் என்று நினைக்கிறேன்: போகலாமா, போனால் அது திரும்பக் கிடைக்குமா? முதலாவதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்ல முடியும், தாராளமாகப் போகலாம். இரண்டாவதற்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் 31 ஆண்டுகள் இசையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னையின் தென்புறநகரில் ஒரு சிறிய மார்கழிக் கோஷ்டியில் 26 ஆண்டுகளாக முன்பாட்டுப் பாடி வருகிறேன். சங்கீதத்தைப் பற்றியும், அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்கும் மனிதர்களைப் பற்றியும் ஓரளவு தெரியும். சித்தாந்தங்களை முறையாகக் கற்றவன் அல்லன். மனநல மருத்துவமும் என் துறை அன்று. அந்த இடங்கள் வரும்போது என் சொல்லைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும்.

பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்பிக்கை இல்லை என்று விலகியவர்களைவிடக் குரல் இல்லை என்று விலகியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இன்று ஆண்டாளின் திருப்பாவை என்றதும் பலர் காதில் ஒலிப்பது அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகள், எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராகங்கள் எனப்படும் கனமான ராகங்கள் ஐந்தில் தொடங்கும் அந்த வரிசை ஒரு பெரிய கச்சேரி வித்வானின் மனத்தில் உருவானது. குளிரில் கட்டிக்கொண்ட தொண்டையோடு தெருவில் நடப்பவரை நினைத்து அமைந்ததன்று. வராளியின் மத்தியமம் என்ற ஸ்வரத்தை அந்த வேளையில் பிடிப்பது பயிற்சி உள்ளவர்களுக்கே கடினம். (வராளியை நேருக்கு நேர் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சீடனுக்கும் மனஸ்தாபம் வரும் என்றொரு பழைய பயம் வித்வான்களிடையே உண்டு. கோஷ்டியில் யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை, காதால் கேட்டுப் பிடித்துக்கொள்வதுதான் என்பதால் எங்களுக்கு அந்தத் தோஷம் கிடையாது.) அதே பாசுரங்களைப் பெருமாள் கோயில் சேவாகாலத்தில், அதாவது பாசுரங்களைச் சேர்ந்து ஓதும் வேளையில், சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு ஸ்வரங்களைத் தாண்டாமல், ஒரு பெரிய வண்டு முரல்வதுபோல ஒரே சீராகப் போகும். பேசத் தெரிந்த எவராலும் அதில் சேர்ந்துகொள்ள முடியும். தெருப் பஜனை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது.

அதன் அமைப்பும் குரலில்லாதவருக்குச் சாதகமானது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். பின்பாட்டுக்காரருக்குப் பாட்டு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, சற்று முன் காதில் விழுந்ததை வாயில் வாங்கிக்கொண்டால் போதும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம்: ஆண்களுக்கு ஒன்றரைக் கட்டை வசதி, பெண்களுக்கு ஐந்து கட்டை வசதி. இருவரும் இருக்கும் கோஷ்டியில் எந்தச் சுருதியும் யாரோ சிலருக்குப் பொருந்தாமல்தான் போகும். அதனால் எல்லோரும் கொஞ்சம் விலகியே பாடுகிறோம். இருபது பேர் இப்படி ஆளுக்கொரு பக்கம் விலகிப் பாடும்போது, தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாத குரல்கள் சேர்ந்து ஒரு பருமனான, கதகதப்பான ஒலியாகிவிடுகின்றன. ஜால்ரா அதன் ஓரங்களை மறைத்துவிடும். மேடையில் இது பிழை, தெருவில் இதுதான் பஜனையின் நாதம். 31 ஆண்டுகள் பிள்ளைகளின் சுருதியைத் திருத்தி வந்த நான் இதை ஒப்புக்கொள்ளப் பல மார்கழிகள் ஆயின.

பாடுவதால் என்ன நேர்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது பதிவாயிற்று. காரணம் மாயமன்று. பாட்டின் வரிகள் மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்று தீர்மானிக்கின்றன, மூச்சு இதயத்தை இழுத்துச் செல்கிறது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 15 பேர்தான், எல்லோரும் 18 வயதினர். அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். வயதுவந்தோருக்கான கல்வி வகுப்புகளில் பாட்டு, கைவினை, கதை எழுதுதல் என்று வெவ்வேறு வகுப்பில் சேர்ந்தவர்களை ஏழு மாதங்கள் கவனித்தார்கள். பாட்டு வகுப்பினர் முதல் மாதத்திலேயே ஒருவரோடொருவர் நெருங்கிவிட்டார்கள். ஏழாம் மாதத்தில் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்தை எட்டிவிட்டார்கள். பாட்டு மட்டுமே மனிதரைச் சேர்க்கும் என்று இது காட்டவில்லை, விரைவில் சேர்க்கும் என்றுதான் காட்டுகிறது. நம் வழக்கம் முப்பது நாளுக்குள் முடிந்துவிடுவதால் அந்த வேகம் நமக்குப் பொருட்படுத்தத் தக்கது.

விடியலைப் பற்றி உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் டிசம்பர் வந்தால் 'மார்கழியில் ஓசோன் படலம் பூமிக்கு அருகில் இறங்கி வருகிறது, அதனால்தான் முன்னோர் அதிகாலையில் கோலம் போடச் சொன்னார்கள்' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அது தவறு. ஓசோன் மிகுதியாக இருக்கும் அடுக்கு தரைக்கு மேல் ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, எந்த மாதத்திலும் அது தெருவுக்கு இறங்கி வருவதில்லை. வந்தால் நமக்கு மூச்சுத் திணறும், ஏனெனில் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் கெடுதலானது. இன்னும் சொன்னால், பனிக்காலத்து அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து மேலே போகாமல் நிற்பதால் நகரத்தின் புகையும் அங்கேயே தங்கிவிடுகிறது. மார்கழியின் கடைசி நாளான போகியன்று சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் அந்த ஒரு நாள் வராமல் இருந்துவிடுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: அந்த வேளையில் வெளியே நடப்பவர் கேட்பதும் காண்பதும் வேறு வேளையில் கிடைப்பதில்லை. திருப்பாவையின் ஆறாம் பாசுரம் 'புள்ளும் சிலம்பின காண்' என்கிறது, ஏழாவதில் ஆனைச்சாத்தன் என்ற பறவை 'கீசு கீசு' என்று பேசிக்கொள்கிறது. உரைகாரர்கள் அதை வலியன் என்பார்கள். இன்று பறவைகளைக் கவனிப்பவர்களில் பலர் அது பிளந்த வாலுடைய கரிச்சானாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். சங்கத் தமிழ் கற்றவர்கள் தீர்க்கட்டும். கரிச்சான் இருள் பிரியும் முன்பே கத்தத் தொடங்கும் பறவை என்பது மட்டும் என் காது அறிந்தது. எங்கள் தெரு முனையில் மின்கம்பியில் ஒன்று உட்காரும். அது கூவுவதற்குள் நாங்கள் மூன்றாம் பாட்டை முடித்திருந்தால் சரியான நேரத்தில் கிளம்பியிருக்கிறோம் என்று பொருள். டிசம்பர் 22 வாக்கில் பகல் நீளத் தொடங்கிவிட்டாலும், சென்னையில் சூரிய உதயம் தை பிறக்கும் வரை தள்ளிக்கொண்டேதான் போகிறது. மார்கழி முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் சுமார் 10 நிமிடம் வித்தியாசம். பத்தாண்டுகள் நடந்த பின்தான் நான் இதைக் கவனித்தேன். பதின்மூன்றாம் பாட்டில் வரும் 'வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று' என்பதை வைத்து தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாள் பாடிய ஆண்டு கி.பி. 731 என்று கணித்தார், வேறு ஆண்டுகள் சொன்னவர்களும் உண்டு. அந்தக் கோள் நிலை பலமுறை திரும்ப வரக்கூடியது ஆகையால் ஆண்டுக் கணக்கை நான் வற்புறுத்த மாட்டேன். பாடியவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமானது.

இனி நம்பிக்கை. உங்களை உறுத்துவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரை பத்துப் பாட்டுகள் தோழிகளை எழுப்புவதிலேயே செலவாகின்றன. சிவனைப் பாடும் திருவெம்பாவையின் இருபதிலும் முதல் எட்டு அப்படித்தான். இறைவன் வாசலுக்குப் போகுமுன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறார்கள். உறங்குகிறவளைக் கேலி செய்கிறார்கள்: ஊமையா செவிடா என்று அவள் தாயைக் கேட்கிறார்கள், கும்பகர்ணன் தன் தூக்கத்தை உனக்குத் தந்துவிட்டானா என்கிறார்கள். பதினைந்தாம் பாட்டில் உள்ளிருப்பவள் 'சில்லென்று அழையேன்மின்' என்று எரிந்து விழுகிறாள். திருப்பாவையின் இவ்வளவு வாக்குவாதத்திலும் 'உனக்குப் பக்தி இருக்கிறதா' என்று ஒரு கேள்வி இல்லை. 'எல்லாரும் வந்துவிட்டார்களா' என்று உள்ளிருந்து கேள்வி வருகிறது, 'வந்து எண்ணிக்கொள்' என்று பதில் போகிறது. வைணவப் பெரியோர் இதற்கு ஆழமான உட்பொருள்கள் சொல்லியிருக்கிறார்கள். இராமானுசருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர். அவர்கள் வழியில் நின்று பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் வெறும் வாசகனாகப் படித்தாலும், முதலில் கூட்டம் சேர்வதும் பிறகே தெய்வத்திடம் போவதும் பாட்டின் வரிசையிலேயே இருப்பது தெரிகிறது. வந்து நின்றால் நீங்கள் எண்ணிக்கையில் ஒருவர். உள்ளே எவ்வளவு நம்புகிறீர்கள் என்று அளக்கும் கருவி அங்கே யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. சில நாள்களில் என் நம்பிக்கையை அளந்திருந்தால் அதுவும் குறைவாகவே இருந்திருக்கும்.

பொருள் முழுக்கப் புரியாமல் பாடுவது சரியா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். ஒவ்வொரு பாட்டையும் முடிக்கும் 'ஏலோர் எம்பாவாய்' என்பதற்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட பொருள் கிடையாது. 'பாவையே, இதை ஏற்று ஆராய்வாயாக' என்று பிரிப்பவர் உண்டு, ஏல், ஓர் என்பவை அசைநிலைகள்தாம் என்று விடுபவரும் உண்டு. அந்த அடி வரும்போதுதான் கோஷ்டியில் குரல் மிக உரக்க எழும்புகிறது. ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். ஒரு வரியைப் பாட மனம் ஒப்பவில்லையென்றால் அந்த வரியில் வாய் மூடி நடந்துவிடுங்கள். நம்புவதாகக் காட்டிக்கொண்டு மற்றவருக்கு உபதேசம் செய்யத் தொடங்கினால்தான் நீங்கள் அஞ்சும் ஏமாற்று வரும். மௌனமாக நடப்பதில் அது இல்லை. எங்கள் கோஷ்டியில் பதினொரு ஆண்டுகள் பாடாமல் சேகண்டி மட்டும் அடித்துக்கொண்டு வந்த ஒருவர் இருந்தார். அவர் நாத்திகர் என்பது எல்லோருக்கும் தெரியும், அவர் தாளம் தப்பியதில்லை என்பதும் தெரியும்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். சென்னையின் பல பேட்டைகளில் பஜனை கோயில் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது; ஊர்களில் பஜனை மடங்கள் இருக்கின்றன. இவை மனிதரைச் சேர்த்தவை என்பது போலவே பிரித்தவையும் ஆகும். எந்தத் தெரு வழியாகக் கோஷ்டி போகும், எந்தத் தெருவுக்குள் திரும்பாது என்பதில் சாதி இருந்தது, சில இடங்களில் இன்றும் இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் எங்கள் கோஷ்டியும் இரண்டு தெருக்களைத் தவிர்த்தே சுற்றிற்று, நானும் ஏனென்று கேட்காமல் ஆறு மார்கழி பாடிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருப் பையன் ஒருவன் பொங்கல் வாங்க வந்த இடத்தில், 'எங்க தெருவுக்கு ஏன் சார் வரமாட்டேங்கறீங்க?' என்று என்னிடமே கேட்டான். அடுத்த நாள் போனோம். இரண்டு குடும்பங்கள் கோஷ்டியை விட்டு நின்றுவிட்டன, ஏழெட்டுப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒரு பெண் பாடியதாக, பெண்களின் நோன்பைப் பற்றியதாக இருக்கும் திருப்பாவையை நெடுங்காலம் ஆண்கள் முன்னின்று பாட, பெண்கள் வாசலில் கோலத்தோடு நின்றுவிட்டதும் இப்படிப்பட்டதே. ஆகையால் உங்கள் பகுதிக் கோஷ்டி எந்தத் தெருவுக்குப் போவதில்லை என்பதை முதல் வாரத்திலேயே கவனியுங்கள்.

இந்த விடியல் பாட்டு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அன்று. ரமலானில் சஹர் நேரத்துக்கு முன் தப்படித்துப் பாடி வீடுகளை எழுப்பி வரும் பக்கீர்கள் நம் ஊர்களில் உண்டு. அதே டிசம்பர் குளிரில் கிட்டாரும் டிரம்முமாக வீடு வீடாக வரும் கேரல் குழுவினர், எங்கள் கோஷ்டி கிளம்பும் வேளையில்தான் சில நாள் வீடு திரும்புவார்கள். கை காட்டிக்கொள்வோம். கடல் கடந்து பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் ஒரு சடங்குக்குத் திரியம்பவாய் என்று பெயர். அங்கே ஓதப்படும் பழைய தமிழ், திருவெம்பாவையின் பகுதி என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது.

நான் கடினம் என்று சொன்ன கேள்விக்கு இப்போது வருகிறேன். அந்த மகிழ்ச்சியை நான்காகப் பிரித்து, இதில் இவ்வளவு அதில் இவ்வளவு என்று சொல்ல என்னால் முடியாது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தவர்களை மட்டும் பார்த்திருக்கிறேன். பதிவு செய்த பாட்டைக் கூம்பு ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கோஷ்டி நடப்பதை நிறுத்திய இடங்கள் உண்டு. பாட்டு அங்கே முன்னைவிடச் சுத்தமாகவே ஒலிக்கிறது, தெருவில் ஆள் இல்லை. (இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் தடை இருக்கிறது என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்லலாம்.) காதில் கருவி மாட்டிக்கொண்டு அதே பாசுரங்களைக் கேட்டபடி அதே வேளையில் தனியாக நடப்பவர்களும் எங்களைக் கடந்து போகிறார்கள். உடம்புக்கு அது நல்லதே. ஆனால் அவர்களில் யாரும் 'நேற்று ஏன் வரவில்லை' என்று கேட்கப்படுவதில்லை. என் அனுபவத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படும் நாளில்தான் புதிதாக வந்தவர் முகம் மாறுகிறது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்.

ஆனால் உங்கள் நினைவில் இருக்கும் மகிழ்ச்சியில் அப்பாவின் கையும் இருக்கிறது. அதை எந்தக் கோஷ்டியும் திருப்பித் தர இயலாது, முதல் நாள் போய் நிற்கும்போது சந்தோஷத்துக்குப் பதிலாக அழுகை வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பத்து வயதில் உங்களை யாரோ எழுப்பினார்கள், யாரோ பொங்கல் செய்தார்கள், யாரோ வரி எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது கிடைக்கக்கூடியது அதே மகிழ்ச்சியாக இல்லாமல், எழுப்புகிறவர்களில் ஒருவராக இருப்பதன் மகிழ்ச்சியாக இருக்கலாம். இரண்டும் ஒன்றா என்று என்னைக் கேட்டால், இல்லை, ஆனாலும் இரண்டாவது தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வேறெதிலும் மகிழ்ச்சி இல்லை' என்று நீங்கள் எழுதியது ஒரு பேச்சுக்காகவா, உண்மையாகவா என்பது எனக்குத் தெரியாது. தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குன்றியிருக்குமானால் மார்கழிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பஜனை மருந்துக்கு மாற்று அன்று.

போவதாக முடிவு செய்தால், முதல் நாளே போய்விடுங்கள். பாதியில் சேர்வதைவிட மற்ற புதியவர்களோடு சேர்ந்து தடுமாறுவது எளிது. வழக்கமாக டிசம்பர் 16 வாக்கில் தொடங்கும். காதை மூட ஒரு மப்ளர், எளிதில் கழற்றக்கூடிய செருப்பு, பெரிய எழுத்தில் அச்சிட்ட பாட்டுப் புத்தகம் ஒன்று; கைப்பேசியில் பார்த்துப் பாடினால் அதன் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாமல் விழுவீர்கள், நான் விழுந்திருக்கிறேன். முன்பாட்டுக்காரருக்குப் பக்கத்தில் நடக்காமல் நடுவில் நடங்கள், நான்கு பக்கத்துக் குரலும் அங்கேதான் வந்து சேரும். முதல் மூன்று நாள் கடைசி அடியை மட்டும் பாடுங்கள். இரண்டாம் பாட்டில் 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்' என்று தொடங்கிய நோன்பு, இருபத்தேழாம் நாளில் 'மூட நெய் பெய்து முழங்கை வழிவார' என்று முடியும். அன்று கூடாரவல்லி, பல கோஷ்டிகளில் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலான அக்காரவடிசில் இருக்கும். நெய்யைப் பார்த்துப் பயந்து சிறிய கிண்ணம் கொண்டு வருகிறவர்கள் எங்கள் தெருவில் மறுபடியும் வரிசையில் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன், ஆகவே கொஞ்சம் பெரிய பாத்திரமாகவே எடுத்துப் போங்கள்.